ஆற்று வளைவைக் கண்டுபிடித்தவன்

இதில் யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. என் மகள் வேலை செய்த நாட்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஒருமுறை ஓர் இடத்தைச் சரியாகச் சொன்னேன். அது போதும்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் ஒரே பிள்ளை. போர் நடக்கும் இடங்களுக்குப் போய்ப் படம் எடுத்து வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குக் கொடுப்பது அவள் தொழில். அவள் அம்மா, இவள் கல்லூரியில் இருந்தபோதே இறந்துவிட்டாள். அதன்பின் வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் ஊரில் இல்லாத மாதங்களில் நான் ஒருவன்.

அவளுடைய தொழிலைப் பற்றி நான் வெளியே சொன்னதில்லை. யாராவது கேட்டால், கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறாள் என்பேன். பத்து ஆண்டுக்கு மேல் இதையே சொல்லிவந்தேன். பெண்பிள்ளையைத் துப்பாக்கி வெடிக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டு அப்பன்காரன் நிம்மதியாகக் காப்பி குடிக்கிறான் என்று உறவுக்காரர்கள் பேசுவார்கள் என்ற பயம். பயம் பாதி, வெட்கம் பாதி. அவளுக்கு இது தெரியும். ஒருமுறை ஊருக்கு வந்திருந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்: “அப்பா, உங்க புண்ணியத்துல எனக்கு மூணு கல்யாண ஆர்டர் வந்திருக்கு. ஒரு ரிசெப்ஷனாச்சும் எடுத்துக் குடுத்துடவா?”

அவள் வேலை செய்யும் விதத்தை அவள் வாயாலேயே துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டுக்குள் போனால் முதல் நாள் கேமராவைப் பையிலிருந்து எடுக்க மாட்டாள். அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுவாள், பாத்திரம் கழுவுவாள், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வாள். “படம் எடுக்கறது அஞ்சு நிமிஷந்தாம்பா. அதுக்கு முன்னால ரெண்டு நாளு சும்மா உக்காந்திருக்கணும்” என்பாள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பெண்கள் மாதவிலக்குக்கு வைத்துக்கொள்ளும் பேடுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு போவாள். முகாம்களில் அதுதான் கிடைக்காதாம். ஆண் நிருபர்கள் யாருக்கும் அது தோன்றுவதில்லை, எனக்கு அதனாலேயே கதவு திறக்கிறது என்றாள். ஒருமுறை அவளுக்கு நேரம் இல்லாமல் என்னை வாங்கிவரச் சொன்னாள். கிள்ளான் மருந்துக்கடையில் கிழவன் ஒருவன் எட்டுப் பெட்டி கேட்டதும் பணத்தை வாங்கிய பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தக் கூச்சத்தையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. அங்கே போய்விட்டால் தொலைபேசியில் அதிகம் பேச முடியாது. அதனால் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வரும்போதெல்லாம் தான் சாப்பிட்டதை மட்டும் படம் எடுத்து அனுப்புவாள். ஒரு தட்டுச் சோறு, ஒரு குவளைத் தேநீர், வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு. அது வந்தால் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். நான் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்புவேன். இடம் கேட்க மாட்டேன். அவளும் சொல்ல மாட்டாள். படத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இடத் தகவலையும் அழித்துவிட்டுத்தான் அனுப்புவாள்.

போன ஆண்டு அவளுடைய முப்பத்தாறாவது பிறந்தநாளன்று வந்த படம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஆற்றோரம் ஒரு மரவீடு. அதன் முன்னால் பாய் விரித்து என் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். நடுவில் வாழையிலையில் கட்டி அவித்த ஏதோ பலகாரம். அந்த மனிதர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அவள் எழுதியிருந்தாள்: “அப்பா, இவருதான் என்னை ஆத்தத் தாண்டிக் கூட்டிட்டுப் போற போட்டுக்காரரு. ஆறு மாசமா இவங்க வீட்லதான் தங்கறேன். பொறந்தநாளுன்னு சொன்னேன், இதச் செஞ்சி குடுத்தாங்க. படம் உங்களுக்கும் அவளுக்கும் மட்டும். யாருக்கும் அனுப்பாதீங்க.”

‘அவள்’ என்றது அவளுடைய தோழியை. சீனப் பெண். எஸ்டேட் மளிகைக்கடைக்காரர் மகள் என்பதால் தமிழ் எங்களைப் போலவே பேசுவாள். இருவரும் கிள்ளானில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஸ்ரீ கெம்பாங்கானில் இருவருமாகச் சேர்ந்து ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மகள் அனுப்பும் படங்களை அங்கிருந்து தேர்ந்தெடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்புவது தோழியின் வேலை.

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மகள் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. பிறகு என் கண் அவளுக்குப் பின்னால் போனது. ஆறு அந்த இடத்தில் இடப்பக்கம் திரும்பி உடனே வலப்பக்கம் திரும்புகிறது. நடுவில் கதிர் வடிவில் ஒரு மணல்திட்டு. எதிர்க்கரையில் இரண்டு திமில் வைத்த ஒட்டகம் போல் ஒரு குன்று. நிழல் விழும் திசையை வைத்துக் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லிவிடலாம். வாழ்நாளெல்லாம் நிலப்படத்தைப் பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். கைப்பேசியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து அந்த நாட்டின் எல்லையாக ஓடும் ஆற்றை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வந்தேன். இரண்டு மணி நேரம். அதே வளைவு, அதே திட்டு, கரையில் ஒரே ஒரு கூரை. எழுந்து நின்றுவிட்டேன். அப்படி ஒரு சந்தோஷம். மகள் இருக்கும் இடத்தை முதல்முறையாகத் தெரிந்துகொண்ட தகப்பனின் சந்தோஷம் என்று அப்போது நினைத்தேன். உண்மையில் அது பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையனின் சந்தோஷம்.

அதோடு நின்றிருக்கலாம்.

சனிக்கிழமைகளில் கொமுட்டர் ரயில் பிடித்துப் பிரிக்பீல்ட்ஸ் போவது வழக்கம். என்னோடு வேலை செய்த நாலைந்து ஆசிரியர்கள் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கூடுவோம். அந்தச் சனிக்கிழமை கணக்கு வாத்தியார்தான் ஆரம்பித்தான். பழைய நண்பன், என்னை ‘ஜியோகிராபி’ என்றுதான் கூப்பிடுவான்.

“என்னாடா ஜியோகிராபி, பொண்ணு இன்னும் கல்யாண வீடுதானா?”

“ஆமா.”

“வயசு என்னா ஆச்சி?”

“முப்பத்தாறு.”

“இப்பல்லாம் ஆளாளுக்குப் போன்லயே எடுத்துக்கறான் லா. அந்தத் தொழிலு இனி சோறு போடாது. ஊரான் கல்யாணத்தயே படம் புடிச்சிக்கிட்டு இருந்தா அது கழுத்துல எப்ப தாலி ஏறுறது?”

மற்றவர்கள் சிரித்தார்கள். ரசம் வந்தது. நான் பத்து ஆண்டுகள் சொல்லிவந்த பொய்தான் அது. அவன் என்னிடம் அதையே திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. இடக்கையால் கைப்பேசியை எடுத்து இலைக்கு மேலே நீட்டினேன்.

“கல்யாண வீடு இல்லடா. இங்க பாரு.”

எல்லாவற்றையும் சொன்னேன். போர், ஆறு, படகு. சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேட்டார்கள். கணக்கு வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான்.

“டேய், நம்ம ஸ்கூல் புள்ளடா இது! இவ்ளோ நாளு வாய மூடிக்கிட்டு இருந்தியே, வெக்கமா இல்ல? குரூப்ல போடுடா.”

“போடக்கூடாதுன்னு சொல்லியிருக்கா.”

“யாரு இருக்கா குரூப்ல? எல்லாம் நம்ம ரிட்டயர்டு சாருங்கதான. பல்லு போன கெழவனுங்க என்னா பண்ணப் போறானுங்க? சும்மா படத்த மட்டும் போட்டா எவனுக்கும் வெளங்காது. நாலு வரி எழுதிப் போடு.”

கை கழுவிவிட்டு வந்து எழுதினேன். நாலு வரிக்கு மேலேயே எழுதினேன். போர்க்களத்தில் படம் எடுக்கும் மலேசியத் தமிழ்ப்பெண் என்று. பக்கத்தில் இருப்பவர் அவளை ஆற்றைக் கடத்திக் கொண்டுபோய்த் தன் வீட்டில் தங்கவைத்திருக்கும் படகோட்டி என்று. இடம் எதுவென்று மகள் சொல்லவில்லை, ஆற்றின் வளைவை வைத்து நானே கண்டுபிடித்தேன் என்று. நம்ப மாட்டார்களே என்று வரைபடத்தில் அந்தக் கூரைமேல் ஒரு புள்ளி வைத்து அதையும் படத்தோடு சேர்த்தேன். இலக்கணப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்து அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை கணக்கு வாத்தியார் எனக்காகவே வாசலில் காத்திருந்தான். அவன் மகன் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். என் மகள் போயிருந்த நாட்டுத் தொழிலாளர்கள் அங்கே நிறைய. “மவனுக்கு அனுப்புனேன்டா. அவன் அந்தப் பசங்ககிட்ட காட்டியிருக்கான். ஒருத்தன் பாத்துட்டு, ஆமா பாஸ், இது எங்க ஊருக்குப் பக்கம்னு சொன்னானாம். நீ சொன்ன எடம் கரெக்ட்டுடா! விட்டா செட்டிலைட்டுக்கே பாடம் எடுப்ப போல.” அன்று என் சாப்பாட்டுக்கு அவன்தான் பணம் கொடுத்தான். நான் மகிழ்ந்தேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும்: மகிழ்ந்தேன்.

அந்தத் தொழிலாளர்களை நான் குறை சொல்லவில்லை. சொந்த ஊர் ஆற்றைப் பார்த்த ஆசையில் ஒருவன் வீட்டுக்கு அனுப்பியிருப்பான். வீட்டிலிருந்து இன்னொருவருக்கு. அதற்குப் பிறகு எந்தக் கைக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

எட்டு நாள் சாப்பாட்டுப் படம் வரவில்லை. ஒன்பதாம் நாள் காலை அவளே கூப்பிட்டாள். எல்லையின் இந்தப் பக்கத்து ஊருக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள். குரல் கரகரவென்று இருந்தது.

“அப்பா, போட்டுக்காரரப் பட்டாளத்துக்காரங்க புடிச்சிட்டுப் போயிட்டாங்க. வீட்டயும் கொளுத்திட்டாங்க. நான் அன்னிக்கு உள்ள தள்ளி வேற ஊர்ல இருந்தேன். அவரு பொண்டாட்டியும் புள்ளைங்களும் ஆத்துல நீந்தி வந்திருக்காங்க.”

நான் முருகா என்றேனா, என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

“சோதனைச் சாவடியில நிறுத்தி அவருகிட்ட ஒரு படத்தக் காட்டியிருக்காங்கப்பா. நான் அனுப்புன பொறந்தநாள் படம். கூட ஒரு மேப்பு. கீழ ஏதோ எழுதியிருந்திச்சாம். கூட இருந்த அவரு பொண்டாட்டி, அந்தக்கா பாத்திருக்கு. எங்க எழுத்து மாதிரியே வட்டம் வட்டமா இருந்திச்சி, ஆனா படிக்க முடியலன்னு சொல்லுது. நீங்க யாருக்காச்சும் அனுப்புனீங்களா?”

நான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெளியே குப்பை லோரி வந்து நின்றது. 

“இல்லம்மா. நான் யாருக்கு அனுப்பப் போறேன்?” என்றேன்.

அவள் உடனே நம்பினாள். அதுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாதது. ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. “அப்படின்னா அவதான்” என்றாள்.

போனை வைத்ததும் குரூப்பைத் திறந்தேன். எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்கும் வசதிக்கான நேரம் எப்போதோ முடிந்திருந்தது. எனக்கு மட்டும் அழிக்கத்தான் முடிந்தது. அழித்தேன். படத்தையும் அழித்தேன். என் கைப்பேசியில் அது இல்லாமல் போனது. மற்ற எல்லோரிடமும் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அவள் தோழி கிள்ளான் வீட்டுக்கு வந்தாள். கேட்டைத் திறந்து உள்ளே கூப்பிட்டும் வராமல் மாமரத்தடியிலேயே நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“அங்கிள், பதினெட்டு வயசுலேந்து அவ படத்தப் பாக்கறேன். ஒண்ணு, ஒரே ஒண்ணு வெளிய போயிருக்கா? என் போன குடுக்கறேன், நீங்களே பாருங்க. அவ என் நம்பர பிளாக் பண்ணிட்டா. கீழ இருந்தது தமிழாத்தான் இருக்கும், நான்தான் யாருக்கோ அனுப்பியிருக்கேன்னு சொல்றாளாம். எனக்குப் பேசத்தான தெரியும், எழுதத் தெரியுமா அங்கிள்? நீங்களாச்சும் அவகிட்ட சொல்லுங்க.”

“சொல்றேம்மா” என்றேன். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். சீனப் பெண், எங்கள் வீட்டில் தீபாவளிக்குத் தீபாவளி என் மகளோடு சேர்ந்து அப்படிக் கும்பிட்டுப் பழகியவள். நான் சொல்லவில்லை.

மகள் அடுத்த மாதம் திரும்பிவந்தாள். இனி அந்தப் பக்கம் யாரும் அவளைப் படகில் ஏற்ற மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளோடு படம் எடுத்துக்கொண்டவர் பிடிபட்டார் என்று கரை முழுதும் பேச்சு. ஒரு வீட்டில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து சம்பாதிக்கிற நம்பிக்கைதான் அவளுக்கு முதல். அது போய்விட்டது. கேமராப் பைகளைப் பிரிக்காமல் அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். காலையில் எழுந்து வாசல் கூட்டுவாள், துணி துவைப்பாள், அந்த மனிதரைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்டு யார் யாருக்கோ எழுதிக்கொண்டிருப்பாள். எனக்கு இரத்த அழுத்த மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக்கொடுத்தாள். நான் வாங்கி விழுங்கினேன்.

ஒரு வியாழக்கிழமை, ஸ்ரீ கெம்பாங்கான் அறையைக் காலி செய்வது பற்றி வீட்டுக்காரரிடம் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “என் பொருளை மட்டும் எடுத்துக்கறேன். அவ இல்லாத நேரமாப் பாத்துச் சொல்லுங்க.” பேசி முடித்துவிட்டுச் சட்டிகளைக் கழுவ ஆரம்பித்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“அம்மா, அந்தப் படத்த அனுப்புனது நான்.”

குழாயை மூடினாள். திரும்பவில்லை.

“யாருக்கு?”

“ரிட்டயர்டு சாருங்க குரூப்புக்கு.”

“மேப்பு?”

“நான்தான் வச்சேன். ஆத்து வளைவப் பாத்துக் கண்டுபுடிச்சேன்.”

“எவ்ளோ நேரம் ஆச்சி?”

“எதுக்கு?”

“கண்டுபுடிக்க.”

“ரெண்டு மணி நேரம்.”

தலையாட்டினாள். “அவங்க ஆறு மாசமாத் தேடிக்கிட்டு இருந்தாங்கப்பா” என்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். “நான் கேட்டப்ப ஏன் இல்லன்னீங்க?”

பயந்துவிட்டேன் என்றேன். அவள் உள்ளே போனாள். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, “கெளம்புங்க” என்றாள்.

ஸ்ரீ கெம்பாங்கான் வரை காரை அவள்தான் ஓட்டினாள். நெரிசலில் ஒன்றரை மணி நேரம். தோழி கதவைத் திறந்ததும், “நீங்களே சொல்லுங்க” என்று மகள் ஒதுங்கி நின்றாள். வாசலில் நின்றபடியே சொன்னேன். அன்று மாமரத்தடியில் அவள் அழுதபோதும் எனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். தோழி என்னைப் பார்க்கவே இல்லை. என் மகளைப் பார்த்துத்தான் பேசினாள்.

“நீ என்னைக் கேக்கவே இல்லல்ல. அங்கிளயாவது கேட்ட. என்னைக் கேக்காமலே நான்தான்னு முடிவு பண்ணிட்ட.”

“ஆமா” என்றாள் மகள்.

கதவைச் சாத்தவில்லை, உள்ளே வரச் சொல்லவுமில்லை. நாங்கள்தான் திரும்பி வந்தோம். கிள்ளான் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, அன்று மாலையே மகள் வடக்கே போகும் பஸ் ஏறினாள். படகுக்காரரின் மனைவியிடம் தானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றாள். நானும் வருகிறேன் என்றதற்கு, “வேணாம், நீங்க வந்தா அது உங்களுக்குத் தண்ணி மோந்து குடுக்கும்” என்றாள்.

பத்து நாள் கழித்து ஒரு செய்தி வந்தது. நலம் விசாரிப்பு இல்லை. படகுக்காரரின் மனைவிக்கு அவருடைய படம் ஒன்று வேண்டும். வீட்டோடு எல்லாம் எரிந்துவிட்டது. எல்லை ஊரில் அலுவலகம் அலுவலகமாகப் போய், இவரைப் பார்த்தீர்களா என்று கேட்க அவளிடம் ஒரு முகம்கூட இல்லை. பிறந்தநாள் படத்தை மகள் தன் வழக்கப்படி அனுப்பியதுமே அழித்திருந்தாள். தோழியும் அப்படியே. “உங்க குரூப்ல யாருகிட்டயாச்சும் இருக்கும். வாங்கி அனுப்புங்க.”

குரூப்பில் எழுதினேன். நடந்தது முழுவதையும் எழுதி, அந்தப் படம் யாரிடமாவது இருந்தால் எனக்கு மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டேன். இரண்டு பேர் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். ஒருவர் எல்லாம் அவன் செயல் என்று எழுதினார். அதற்கு அடுத்ததாகத் தாமரைப்பூ போட்ட காலை வணக்கம் ஒன்று வந்தது.

சனிக்கிழமைக்குக் காத்திராமல் பிரிக்பீல்ட்ஸ் போனேன். கணக்கு வாத்தியாரின் வீடு அங்கே அடுக்குமாடியில் நாலாவது தளம். “ஏன்டா குரூப்ல இப்படியெல்லாம் எழுதற? எல்லாம் பிரஷர்காரனுங்கடா” என்றபடியே கைப்பேசியை எடுத்துத் தேடினான். பூக்கள், சாமி படங்கள், பேரப்பிள்ளைகள், மூட்டுவலிக்கு மருந்து. விரலால் தள்ளிக்கொண்டே போனான். அவன் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போனது. கடைசியில் கிடைத்தது.

“இதானே? யாருடா இந்த ஆளு, இப்படிச் சிரிக்கிறாரு?”

அவன் மறந்தேபோயிருந்தான். அவரைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றேன். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினான்.

“நான் ஃபார்வர்டு தானடா பண்ணேன்.”

நான் அவனை ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு படமும் ஒரு புள்ளியும் வந்தன, தள்ளிவிட்டான். புள்ளி வைத்தவன் நான்.

படத்தை எனக்கு அனுப்பச் சொன்னேன். கீழே என் எழுத்தும் புள்ளி வைத்த வரைபடமும் அப்படியே இருந்தன, பிழை ஒன்றுகூட இல்லாமல். அவன் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து, என் மகளையும் ஆற்றையும் குன்றையும் பிள்ளைகளையும் வெட்டி நீக்கினேன். மூன்று முறை தவறியது. அவர் முகம் மட்டும் மிஞ்சியது. அதை மகளுக்கு அனுப்பினேன்.

மறுநாள் மதியம் பதில் வந்தது. “படம் கெடச்சிச்சு. பிரிண்ட் போட்டு அந்தக்காகிட்ட குடுத்துட்டேன்.” வேறொன்றும் எழுதவில்லை. இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.